மே மாதத்துச் சண்டையும் பிள்ளைகளின் போனும்

2025 மே 10ஆம் திகதி பிரம்டன் நகரின் சிங்குவாகூசி பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. சில நாளில் கொழும்பில் வெளியுறவு அமைச்சர் விஜித ஹேரத், கனடா உயர்ஸ்தானிகரைக் கூப்பிட்டு ஆட்சேபம் தெரிவித்தார். இது அரசாங்கங்களுக்கு இடையிலான சண்டை, செய்தியில் வந்தது. இன்னொரு சண்டை எங்கட வீடுகளுக்குள்ளேயே, அறைக்கதவு பூட்டியிருக்க, போனில் நடந்தது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிறந்த எங்கட பிள்ளைகள் ஒரு பக்கம். கொழும்பிலும் மெல்பேணிலும் இருக்கும் சிங்களப் பிள்ளைகள் மற்றப் பக்கம். இரண்டு தரப்புமே அந்தப் போரைக் கண்ணால் காணாதவர்கள்.

அக்காவின் மகனுக்குப் பதினாலு வயது. "மாமா, அங்க ஒண்டும் நடக்கேல்லை எண்டு எழுதுறாங்கள். நான் என்ன திருப்பி எழுதுறது?" என்று கேட்டான். ஏற்கனவே என்ன எழுதினாய் என்று வாங்கிப் பார்த்தேன். இங்கே போடக்கூடிய சொற்கள் இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்து வந்ததும் அப்படித்தான்.

இந்த இடத்தில் நாங்கள் வழக்கமாகச் சொல்வது, "உதெல்லாம் உனக்கெதுக்கு, போனை வை." அவனுடைய தகப்பனின் குடும்பத்தில் 2009இல் வன்னியில் இருந்து திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். அவனைப் பார்த்து, சமாதானத்துக்காக வாயை மூடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி வரும் சமாதானத்தில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் சண்டையைத் தணிப்பது வேறு, நடந்ததை மறைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் எங்கட ஆட்களுக்கு 'சமாதானம்' என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகம் வருகிறது.

நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குபவன். இந்தத் தளங்கள் வேலை செய்யும் விதத்தில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எந்தப் பதிவுக்குக் கீழே ஆட்கள் நின்று மினைக்கெடுகிறார்களோ, அது இன்னும் கனபேருக்குக் காட்டப்படும். ஆத்திரத்தில் எழுதினாலும் அதற்கு அது ஒரு பதில்தான். அதனால் 'ஒண்டும் நடக்கேல்லை' என்று எழுதுகிறவனுக்கு நாங்கள் போடும் ஒவ்வொரு ஏச்சும் அவனுக்குச் செய்து கொடுக்கும் இலவச விளம்பரம்.

இதன் விளைவை இலங்கை 2018இல் பார்த்தது. அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. பரிசோதித்தபோது அப்படி எந்த மருந்தும் இல்லை என்று தெரிந்தது. அதற்குள் பேஸ்புக்கில் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் திகன பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசாங்கம் ஒரு வாரமளவில் சமூக ஊடகங்களையே முடக்கியது. தன் தளம் அதில் வகித்த பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில், இரண்டு வருசம் கழித்து.

வட்ஸ்அப் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். 2019இல் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று உலகம் முழுக்கக் கட்டுப்பாடு போட்டார்கள். 2020 ஏப்ரலில், ஏற்கனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அதன்பின் அப்படியான செய்திகளின் ஓட்டம் 70 வீதம் குறைந்தது என்று அவர்களே சொன்னார்கள். ஒரு மனுசனையும் திருத்தவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. பொத்தானைக் கொஞ்சம் இறுக்கினார்கள், அவ்வளவுதான்.

சரி, எழுதத்தான் வேண்டும் என்றால் எப்படி எழுதுவது? 2012 மார்ச்சில் டெல் அவிவில் ரொனி எட்ரி என்ற கிராபிக் வடிவமைப்பாளர் தன் சின்ன மகளோடு நிற்கும் படத்தை பேஸ்புக்கில் போட்டார். ஈரான் மக்களே, உங்கள் நாட்டில் நாங்கள் குண்டு போட மாட்டோம் என்பது அதில் இருந்த செய்தி. ஈரானில் இருந்து பதில்கள் வந்தன, சிலர் முகத்தைப் பாதி மறைத்துப் படம் அனுப்பினார்கள். 2015இல் மும்பையில் ராம் சுப்ரமணியன் என்ற விளம்பரப் பட இயக்குநர், நான் இந்தியன், எனக்குப் பாகிஸ்தான் மீது வெறுப்பில்லை என்ற பொருளில் முகப்புப் படத்தை மாற்ற, எல்லையின் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் சேர்ந்தார்கள். இவற்றால் போர் நின்றதா? இல்லை. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் அடிபட்டன. அதற்கு முந்தின மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும். போஸ்டர் ஏவுகணையைத் தடுக்காது. ஆனாலும் எட்ரி எதிரியைத் திருத்தப் போகவில்லை. தன் பக்கம் செய்யக்கூடியதைப் பற்றித் தன் பெயரில், தன் முகத்தோடு பேசினார்.

எங்கட கதையில் அப்படி ஒரு நாள் 2022 மே 18. காலிமுகத்திடலில் கோத்தபாயவுக்கு எதிரான போராட்டக்களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. சிங்கள இளைஞர்களும் சில பிக்குமாரும் சேர்ந்து நின்றார்கள், கஞ்சி பரிமாறப்பட்டது. அந்தப் படங்கள் அன்றைக்கே ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தன. பெற்றோல் வரிசையில் நின்ற பிறகுதான் எங்கட கஞ்சி கண்ணில் பட்டதோ என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒரு தமிழன் ஆயிரம் தடவை எழுதி ஒரு சிங்கள வாசகனிடம் கொண்டுபோக முடியாததை, ஒரு சிங்களப் பிள்ளை கையில் கோப்பையோடு நின்ற படம் கொண்டுபோனது என்றே நினைக்கிறேன்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். மறுக்கிறவனுக்குக் கீழே எழுதாதே. உன்ர பக்கத்தில், உன்ர குடும்பத்துக்கு நடந்ததை எழுது, அப்பாவிடம் கேட்டு, திகதியோடு. இலக்கம் வேண்டுமென்றால் 2011 ஐநா நிபுணர் குழு அறிக்கையை வாசி, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று அதில் இருக்கிறது. அதைவிடக் கூட்டிச் சொல்லப் போகாதே. அரசாங்கத்தைத் திட்டு, இராணுவத்தைத் திட்டு, ஒரு இனத்தைத் திட்டாதே. இரண்டு நாள் எடுத்து எட்டு வரி எழுதினான். சண்டைக்கு வந்ததில் பாதிப்பேர் கூட அதைப் பார்க்கவில்லை என்பதில் அவனுக்குச் சரியான ஏமாற்றம். கண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும், இதை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

பிள்ளைகளை விடுங்கோ, பெரியவர்களுக்கு வருவோம். 2023 டிசம்பரில் உலகத் தமிழர் பேரவையும் சில பிக்குமாரும் இமாலயப் பிரகடனத்தை ஜனாதிபதி ரணிலிடம் கையளித்தார்கள். முதலில் மக்களிடம் கேட்காமல் நேபாளத்தில் பேசி முடித்துக் கொண்டுவந்ததை எதிர்க்க நல்ல காரணங்கள் இருந்தன. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் காரணங்களை எழுதியவர்களைவிட 'துரோகி' என்று எழுதியவர்கள்தான் இந்த ஊரில் அதிகம், எல்லாரும் பிள்ளை பெற்ற வயதுக்காரர். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி அவற்றை வாசித்தார்கள். அந்தச் சொல்லுக்கு அது சரியான ஆங்கிலச் சொல்லைத்தான் தருகிறது. நான் போட்டுப் பார்த்தேன்.