மயக்கத்தில் இருப்பவரின் கை அசைவைச் சோதிப்பது எப்படி?

மூளை ரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகி, பலூன்போல் புடைப்பதை 'அனியூரிசம்' என்கிறார்கள். அது வெடிக்காமலிருக்க, அதன் கழுத்தில் டைட்டானியம் கிளிப் போடுவதுண்டு.

ஏன் கண்காணிக்க வேண்டும்?

கிளிப் சற்று நகர்ந்தாலும், அருகிலுள்ள நூலிழை போன்ற தமனி நசுங்கலாம். கை கால்களுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்புப் பாதை அந்த ரத்தத்தை நம்பியிருந்தால், பக்கவாதம் வரும். நோயாளியோ ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறார். "கையைத் தூக்குங்கள்" என்று கேட்க முடியாது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

உச்சந்தலையில் பொருத்திய மின்முனைகள் வழியாக, நான்கைந்து மின்துடிப்புகளை அடுத்தடுத்து செலுத்துவார்கள். கட்டளை தண்டுவடம் வழியே இறங்க, கட்டைவிரலின் அடித்தசை துடிக்கும். ஏறத்தாழ 20 மில்லி விநாடியில் திரையில் அலை தெரியும். இம்முறைக்கு 1980இல் வழிவகுத்தவர்கள் பிரிட்டனின் மெர்ட்டன், மார்ட்டன்.

தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் அலை மறையும். மயக்க வாயுவும் அலையைக் குறைக்கும் என்பதால், புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ரத்தநாளம் வழியே செலுத்துவது வழக்கம். தாடை இறுகி நாக்கைக் கடிக்காதிருக்க, பற்களுக்கிடையே மென்மையான கட்டை வைப்பார்கள்.

அலை சரிந்தால்?

உயரம் பாதிக்கும் கீழே போனால் பல மருத்துவமனைகளில் அது எச்சரிக்கை. அறுவை மருத்துவர் கிளிப்பை எடுத்து மாற்றிப் போடுவார். மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை உயர்த்துவார்.

ஒரு குறை: மின்சாரம் மிக வலுவாக இருந்தால், பாதிப்புக்குக் கீழேயுள்ள நரம்பிழைகளை நேராகத் தூண்டி, எல்லாம் சரி என்று காட்டிவிடும். எனவே அலை தோன்றப் போதுமான குறைந்த மின்சாரமே பாதுகாப்பானது.