ஒன்பது எண்களை எங்கே உட்கார வைப்பது?

வகுப்பறையில் 30 மேசைகள். ஐந்து கிடைவரிசைகள், ஒவ்வொன்றிலும் ஆறு மேசைகள். ஆசிரியரின் கையில் 30 பெயர்கள் கொண்ட ஒரே பட்டியல். "பட்டியல்படி உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும்? சிலர் முன்வரிசையை இடமிருந்து வலமாக நிரப்புவார்கள். சிலர் சன்னலோரமாக முன்னிருந்து பின்னாக நிரப்புவார்கள். இரண்டுமே பட்டியல்படிதான். ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் உட்காருபவர் வேறு ஆளாகிவிடுவார்.

கணினிக்கும் இதே சிக்கல் உண்டு. அதன் நினைவகம் ஒரே நீண்ட வரிசை. படம், வரைபடம், அட்டவணை எதுவானாலும் உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக எண்களாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட எண் பட்டியலை வெக்டர் என்கிறோம். அதை மடித்துக் கட்டமாக்குவது நிரல் எழுதுபவரின் வேலை.

என் மாணவர்கள் ஒருமுறை சதுர உலோகத் தகடு ஒன்றின் வெப்பநிலையைக் கணக்கிட்டார்கள். தகட்டின் மேல் விளிம்பு எப்போதும் 100 டிகிரி செல்சியஸ். மற்ற மூன்று விளிம்புகளும் 0 டிகிரி. இவைதாம் எல்லை மதிப்புகள். இவை முன்பே தெரிந்தவை, கணக்கிட வேண்டியதில்லை. தெரியாதவை தகட்டின் உள்ளே உள்ள 9 புள்ளிகளின் வெப்பநிலைகள் மட்டுமே. வெப்பம் மாறாத நிலைக்கு வந்தபின், ஒவ்வோர் உட்புள்ளியின் வெப்பநிலையும் அதன் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரியாக இருக்கும். இந்த விதியை வைத்து 9 சமன்பாடுகள் எழுதலாம். அவற்றைத் தீர்த்தால் 9 எண்கள் கிடைக்கும்.

அவற்றைக் கட்டமாக்குவது எப்படி? முதலில் 5க்கு 5 என 25 அறைகள் கொண்ட வெற்றுக் கட்டம் ஒன்றை எடுங்கள். சுற்றியுள்ள 16 அறைகளில் எல்லை மதிப்புகளை எழுதுங்கள். நடுவில் மிஞ்சும் 9 அறைகளில் விடைகளை நிரப்புங்கள். முழு எண்ணாக்கினால் இப்படி வரும்:

100  100  100  100  100
0  43  53  43  0
0  19  25  19  0
0  7  10  7  0
0  0  0  0  0

மாணவர்களின் திரையில் வந்த படமோ வேறு. மேல் விளிம்பு சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே வெப்பம் இடப்பக்கத்திலிருந்து வருவதுபோல் தெரிந்தது. சமன்பாட்டில்தான் பிழை என்று இரண்டு மாலைகள் தேடினார்கள். சமன்பாடு சரி. ஒன்பது எண்களும் சரி. கணக்குப் போட்டவர் புள்ளிகளை மேலிருந்து கீழாக எண்ணியிருந்தார். படம் வரைந்தவரின் நிரலோ இடமிருந்து வலமாக நிரப்பியது. அதனால் உள்ளே 43, 19, 7 என்பது முதல் கிடைவரிசையாகவும், 53, 25, 10 இரண்டாவதாகவும், மீண்டும் 43, 19, 7 மூன்றாவதாகவும் அமர்ந்துவிட்டன. கணினி பிழைச்செய்தி எதுவும் காட்டவில்லை. 9 எண்கள், 9 அறைகள். அதன் கணக்கில் எல்லாம் பொருந்திவிட்டது!

இந்த இரண்டு வழக்கங்களும் கணினி உலகில் நெடுங்காலமாக இருக்கின்றன. ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி நெடுவரிசையாக அடுக்கும். 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி கிடைவரிசையாக அடுக்கும். இன்று மேட்லேப் முதல் வழக்கத்தைப் பின்பற்றுகிறது. பைத்தானின் நம்பை, நாம் மாற்றிச் சொல்லாதவரை இரண்டாவதைப் பின்பற்றுகிறது.

கிடைவரிசை வழக்கத்தில் எந்த எண் எங்கே போகும் என்பதை வகுத்தலே சொல்லிவிடும். 0 முதல் எண்ணத் தொடங்குங்கள். பட்டியலில் 5ஆம் இடத்தில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்வோம். 5ஐ 3ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 2. ஈவு கிடைவரிசை, மீதி நெடுவரிசை. சுற்றிலும் எல்லை இருப்பதால் இரண்டோடும் 1 கூட்டுங்கள். ஆக, பெரிய கட்டத்தில் அதன் இடம் கிடைவரிசை 2, நெடுவரிசை 3. மேலே உள்ள கட்டத்தில் 0 முதல் எண்ணிப் பாருங்கள். அங்கே 19 இருக்கும்.

சரியாக நிரப்பினோமா என்று எப்படி அறிவது? அதே சராசரி விதியைக் கேளுங்கள். பிழையான கட்டத்தில் வலது மேல் உட்புள்ளியில் 7 இருக்கிறது. அதன் அண்டை எண்கள் 100, 0, 19, 10. சராசரி 32க்கும் மேல். 100 டிகிரி விளிம்பை ஒட்டிய புள்ளி வெறும் 7 டிகிரியில் இருக்க முடியுமா? எல்லையே பிழையைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இது பள்ளிக்கூடத் தகட்டோடு முடிவதில்லை. ஒரு வட்டாரத்துக்கு மட்டும் வானிலையைக் கணிக்கும் நிரல்களும், தங்கள் கட்டத்தின் விளிம்பு மதிப்புகளை உலகளாவிய கணிப்பிலிருந்து பெற்றே உட்பகுதியைக் கணக்கிடுகின்றன. அங்கே எண்கள் இடம் மாறி உட்கார்ந்தால், மழை வேறோர் ஊரின்மேல் காட்டப்படும்.

இப்போது உங்கள் முறை. மேல் விளிம்புக்குப் பதிலாக இட விளிம்பை 100 டிகிரியாக்குங்கள். அதே 9 எண்கள் இப்போது எந்த அறைகளில் அமரும்? முதலில் தாளில் வரைந்து பாருங்கள். பிறகு நிரல் எழுதுங்கள்.