சுவருக்குள் நிற்கும் சட்டம்

டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ குடியேறும் தமிழர்கள் பெரும்பாலும் செங்கல் சுவருக்குப் பழகியவர்கள். செங்கல் சுவரில் வேண்டிய இடத்தில் துளைபோட்டு, பிளக் செருகி, திருகாணியை முடுக்கிவிடலாம். வட அமெரிக்க வீடுகளின் உட்சுவர் வேறு வகை. கண்ணுக்குத் தெரிவது சுமார் அரை அங்குலத் தடிமனுள்ள ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால் பெரும்பகுதி வெற்றிடம். பலகையைத் தாங்கி, தரையிலிருந்து கூரைவரை இடைவெளி விட்டு நிற்கும் மரச்சட்டங்களுக்கு ‘ஸ்டட்’ என்று பெயர். கனமான எதை மாட்டினாலும் அந்தச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும்.

இரண்டு தாள்களுக்கு நடுவே இறுகிய ஜிப்சம் ஒரு சிறு படத்தைத் தாங்கும்; தொலைக்காட்சியையும் புத்தக அலமாரியையும் தாங்காது. இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. சுவரோடு பிணைக்காத இழுப்பறை அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததை அடுத்து, 2016-ல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அலமாரியைச் சுவரோடு கட்டும் பட்டை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதன் திருகாணி வெறும் ஜிப்சத்தில் இறங்கியிருந்தால் பயனில்லை.

சட்டங்களைத் தேட உதவும் முதல் துணை, அவற்றின் ஒழுங்கு. ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை வழக்கமாக 16 அங்குலம். சில சுவர்களில் 24. ஜிப்சம் பலகை 4 அடிக்கு 8 அடி. 48 அங்குலமும் 96 அங்குலமும் பதினாறால் மீதியின்றி வகுபடுவதால், பலகையின் விளிம்புகள் சட்டத்தின் நடுவிலேயே வந்து முடியும். அங்கே விற்கும் அளவு நாடாக்களில் 16 அங்குலத்துக்கு ஒருமுறை தனிக்குறி அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். ஆனால் கதவு, ஜன்னல், சுவர்கள் சந்திக்கும் மூலை ஆகிய இடங்களில் கூடுதல் சட்டங்கள் வரும். தச்சர் எந்த முனையிலிருந்து அளக்கத் தொடங்கினார் என்பதும் வெளியே தெரியாது. சட்டத்தை ‘டூ பை ஃபோர்’ என்று அழைத்தாலும், இழைத்த பிறகு அதன் அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். நம்மை நோக்கியிருக்கும் முகம் வெறும் ஒன்றரை அங்குல அகலம். ஆகவே அளவு நாடா எங்கே தேடலாம் என்று சொல்லும். அங்கே சட்டம் இருக்கிறது என்று உறுதி சொல்லாது.

இரண்டாவது துணை காந்தம். காந்தம் மரத்தைக் கண்டுபிடிப்பதில்லை. பலகையை மரத்தோடு பிணைத்த திருகாணியைக் கண்டுபிடிக்கிறது. அதன் தலை பூச்சுக்கும் வண்ணத்துக்கும் அடியில் மறைந்திருந்தாலும், சிறிய நியோடிமியம் காந்தம் அதை உணர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் ஒட்டியதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அதற்கு நேர் மேலும் கீழும் தேடி, தூக்குக்குண்டு விட்டாற்போல ஒரே கோட்டில் இன்னும் இரண்டு மூன்று புள்ளிகள் கிடைத்தால் அது சட்டம். கோடு நெடுக எல்லா இடத்திலும் காந்தம் ஒட்டினால், அது அடுக்குமாடிகளில் காணப்படும் மெல்லிய எஃகுச் சட்டமாக இருக்கலாம். அதற்கு மாட்டும் முறையே வேறு. சில பழைய வீடுகளில் ஜிப்சம் பலகைக்குப் பதிலாக, குறுக்கே அறைந்த மெல்லிய மரப்பட்டிகள்மேல் காரை பூசியிருக்கும். அங்கும் பட்டிகளைச் சட்டத்தோடு இணைத்த ஆணிகள் செங்குத்து வரிசையில் காந்தத்துக்கு அகப்படும்.

மூன்றாவது, மின்னணுக் கருவி. 1977-ல் ராபர்ட் ஃபிராங்க்ளின் இதை வடிவமைத்தார். சிர்கான் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருவியின் முதுகில் உள்ள உலோகத் தகடுகள் சுவரோடு சேர்ந்து ஒரு மின்தேக்கிபோல் இயங்குகின்றன. பலகைக்குப் பின்னால் காற்று இருந்தால் மின்தேக்குதிறன் குறைவு. மரம் இருந்தால் சற்று அதிகம். கருவியைச் சுவரில் வைத்து இயக்கியதும் அந்த இடத்தின் அளவை அது அடிப்படையாகக் கொள்கிறது. நகர்த்தும்போது அளவு கூடினால் விளக்கு எரிகிறது. எனவே தொடங்கும் இடமே சட்டத்தின்மேல் அமைந்துவிட்டால், எளிய கருவிகள் தவறான அடிப்படையிலிருந்து புறப்படும். ஈரமும் இதைக் குழப்பும். காய்ந்த மரத்தைவிட நீர் மின்தேக்குதிறனைப் பல மடங்கு உயர்த்துவதால், புதிதாக வண்ணம் பூசிய சுவரில் கருவியை நம்ப முடியாது. உள்ளே ஓடும் குழாயும் சட்டம்போலக் காட்டக்கூடும். இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை நகர்த்தி இரு விளிம்புகளையும் பென்சிலால் குறிக்க வேண்டும். இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை அங்குலமாக இருந்தால் நம்பிக்கை வலுக்கும்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று சாராதவை. ஒன்று அளவை நம்புகிறது, ஒன்று இரும்பை, மற்றொன்று மின்புலத்தை. ஒவ்வொன்றும் ஏமாறும் விதம் வெவ்வேறு என்பதால், மூன்றும் ஒரே இடத்தைக் காட்டும்போது பிழைக்கு இடம் மிகக் குறைவு. விலையுயர்ந்த ஒரே கருவியைவிட இந்த ஒத்திசைவே நம்பத்தக்கது.

மின்கம்பியை மறக்கக் கூடாது. சுவிட்ச் பெட்டிகள் பெரும்பாலும் சட்டத்தின் பக்கவாட்டில் அறையப்பட்டிருக்கும். சட்டம் தேட அது நல்ல அடையாளம். ஆனால் அதே சட்டத்தை ஒட்டித்தான் கம்பி மேலேயும் கீழேயும் போகும். சுவிட்சுக்கு நேர்மேலே துளையிடுவதைத் தவிர்த்து, அடுத்த சட்டத்துக்குப் போவது நல்லது. மர விளிம்புக்கு மிக அருகே கம்பி ஓடும் இடங்களில் எஃகுத் தகடு பதிப்பது அமெரிக்க மின்விதி. துளைக்கும்போது உலோகம் தடுத்தால், அழுத்தாமல் உடனே நிறுத்துங்கள்.

கடைசிச் சோதனை மெல்லிய அலகால் போடும் ஒரு சிறு துளை. மாட்டப்போகும் பொருள் மறைக்கும் இடத்தில் அதைப் போடலாம். அரை அங்குலம் போனதும் அலகு சட்டென்று உள்ளே விழுந்து, வெள்ளைத் தூள் மட்டும் வந்தால் பின்னால் வெற்றிடம். எதிர்ப்பு தொடர்ந்து, வெள்ளைத் தூளுக்குப் பின் மரச்சீவல் வெளிவந்தால் சட்டம் கிடைத்துவிட்டது. திருகாணியை அங்கேயே முடுக்குங்கள்.