வேலை போனதற்குக் காரணத்தை யார் நிரூபிப்பது?

இறக்குமதி வரிகளைக் குறைக்கும் அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1962-இல் அதிபர் கென்னடிக்கு வழங்கியபோது, அதனால் வேலை இழப்பவர்களை அரசு கைவிடாது என்ற வாக்கையும் அதே சட்டத்தில் எழுதியது. அதுதான் ‘வணிகச் சீரமைப்பு உதவி’. ஆனால் 1969 வரை ஒரு தொழிலாளர் குழுவுக்குக்கூட அந்த உதவி கிடைக்கவில்லை. மனுக்கள் வந்தன, எல்லாம் தள்ளுபடியாயின. வரிச்சலுகைதான் இறக்குமதி பெருகியதற்கு முதன்மைக் காரணம், அந்த இறக்குமதிதான் வேலை போனதற்கு முதன்மைக் காரணம் என்று இரண்டையும் நிறுவச் சொன்னது சட்டம். 1974-இல் இந்தப் பிடி தளர்ந்தது. இறக்குமதிக்கு முக்கியமான பங்கு இருந்தால் போதும் என்றானது. ஆனாலும் அடிப்படைக் கேள்வி மாறவில்லை. வேலை இழந்தவரிடம் “என்ன இழந்தீர்கள்?” என்று கேட்காமல், “எதனால் இழந்தீர்கள்?” என்றே சட்டம் கேட்டது. திட்டத்தின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து.

ஒரு தொழிலாளி தனியாளாக இந்த உதவியைக் கேட்க முடியாதிருந்தது. ஒரே நிறுவனத்தின் தொழிலாளர்கள் குழுவாகச் சேர்ந்தோ, தொழிற்சங்கமோ, நிறுவனமோ, மாநில வேலைவாய்ப்பு அலுவலகமோ மனுச் செய்ய வேண்டியிருந்தது. அதுவும் ஆட்குறைப்பு நடந்த ஓராண்டுக்குள். மத்திய தொழிலாளர் துறை விசாரித்து, அந்தக் குழு முழுவதற்கும் தகுதிச் சான்று தந்தது அல்லது மறுத்தது. சான்று கிடைத்தால் தொழிற்பயிற்சிச் செலவும், வேலையில்லாக் காப்பீடு தீர்ந்த பின் பயிற்சிக்காலத்தில் வாரந்தோறும் உதவித்தொகையும், வேறு ஊரில் வேலை கிடைத்தால் குடிபெயரும் செலவில் ஒரு பங்கும் கிடைத்தன. ஆனால் சான்றுக்கான ஆதாரம் தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. விற்பனை எவ்வளவு சரிந்தது, வாடிக்கையாளர்கள் வெளிநாட்டுச் சரக்குக்கு மாறினார்களா, உற்பத்தி எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் நிறுவனத்தின் கணக்கில் இருந்தன. விசாரிப்பவரும் நிறுவனத்தையும் அதன் வாடிக்கையாளர்களையும்தான் கேட்டார். இருபது ஆண்டுகள் அங்கே உழைத்தவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆலை பூட்டிக்கிடக்கிறது என்பதுதான்.

எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதும் தீராத வழக்காக இருந்தது. வேலை இந்தியாவுக்குப் போனதால் பணியிழந்த மென்பொருள் நிரலாளர்கள் 2000-களின் முற்பகுதியில் மனுச் செய்தபோது, குறுந்தட்டு போன்ற ஒரு பொருளில் பதிந்திருந்தால்தான் மென்பொருள் சட்டம் சொல்லும் ‘சரக்கு’ ஆகும் என்று துறை மறுத்தது. பன்னாட்டு வணிக நீதிமன்றத்தில் தொடர்ந்து வழக்காடிய பிறகு, 2006-இல் அந்த நிலைப்பாட்டைத் துறை கைவிட்டது. 2009-இல் சேவைத் துறையினர் சேர்க்கப்பட்டார்கள், பிறகு சட்டத்தின் காலம் முடிந்தபோது வெளியேற்றப்பட்டார்கள், மறுபடி சேர்க்கப்பட்டார்கள். ஒரே வகை இழப்புக்கு, வேலை போன ஆண்டைப் பொறுத்து வெவ்வேறு பதில்.

வணிகத்தைத் திறந்துவிட்டது அரசின் முடிவு, எனவே அதில் அடிபட்டவர்களுக்கு அரசு தனியாகக் கடன்பட்டிருக்கிறது என்பது ஒரு வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. ஆனால் இயந்திரமும் இறக்குமதியும் நிர்வாகத்தின் முடிவும் ஒன்றாகக் கலந்தே ஓர் ஆலையை மூடுகின்றன. அதில் இறக்குமதியின் பங்கை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையில், கடன் சேர வேண்டியவருக்கே சேராமல் போனது. பயிற்சியால் பயனில்லை என்பது இன்னொரு மறுப்பு. 2012-இல் வெளியான அரசு மதிப்பீடு, வேலை போன நான்காம் ஆண்டில் உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்ததாகச் சொன்னது உண்மை. ஆனால் பொருளியலாளர் பெஞ்சமின் ஹைமன் பின்னர் செய்த ஆய்வில், சான்று பெற்றவர்கள் பத்தாண்டுகளில் மொத்தமாகச் சுமார் 50,000 டாலர் கூடுதலாக ஈட்டியிருந்தார்கள். அவர் ஆய்வுக்குப் பிடித்த வழியையும் கவனிக்க வேண்டும்: விசாரணை அதிகாரிகளில் சிலர் தாராளமானவர்கள், சிலர் கறாரானவர்கள், கோப்பு யாரிடம் போகும் என்பது ஏறத்தாழக் குலுக்கல் போல இருந்தது. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் பலனை அளந்தார். ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வருமானம் கோப்பு எந்த மேசையில் விழுந்தது என்பதைப் பொறுத்திருந்தது என்றால், காரணத்தைத் தேடும் அந்தச் சோதனையை நியாயமான அளவுகோல் என்று எப்படி ஏற்பது? நீண்ட காலம் உழைத்த வேலையை இழந்தவர் என்பதையே தகுதியாக்கினால் செலவு கூடும்தான். ஆனால் விசாரணைக்கும் வழக்குக்கும் கழிந்த மாதங்களும் செலவுதான். அதை ஏற்கெனவே தொழிலாளி கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தச் சோதனைக்குக்கூட வாய்ப்பில்லை. நாடாளுமன்றம் சட்டத்தைப் புதுப்பிக்காததால், 2022 ஜூலை 1 முதல் புதிய சான்று எதையும் துறை வழங்க முடியாமல் போயிற்று. இறக்குமதியால் வேலை இழந்தவர்களின் பெயரைச் சொல்லி 2025-இல் வரிகள் பெருமளவு உயர்த்தப்பட்டபோதும், அவர்களுக்கென்றே எழுதிய அந்தத் திட்டம் திறக்கப்படவில்லை.