எட்டுப் பேர்ல ஒருத்தர்: ஃபைப்ரோமயால்ஜியாவும் ஒரு புது மாத்திரையும்

இதை எழுதுற நேரத்துல மேசை மேல ஒரு மாத்திரை அட்டை இருக்கு. டுலோக்செட்டின் 30 மி.கி. இன்னும் பிரிக்கல. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் கேப்சூல். அதை விழுங்குறதுக்கு முன்னாடியே இந்தப் பதிவை முடிச்சிடணும்னு உட்கார்ந்திருக்கேன். ஏன் முன்னாடியே என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படிச்சிட்டு இருபது வருஷமா மென்பொருள் எழுதுறவன். ஓய்வு நேரத்துல ஆய்வுக் கட்டுரைகள் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். இதைப் படிச்சிட்டு யாரும் மாத்திரையைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

என்ன வியாதி இது?

மூணு வருஷமா எனக்கு வலி. தோள்பட்டை, கீழ்முதுகு, தொடை, கை என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். வைரஸ் காய்ச்சல் வந்தா உடம்பு முறிச்சுப் போட்ட மாதிரி இருக்குமே, அது காய்ச்சல் இல்லாமலே தினமும் இருந்தா எப்படி, அப்படி. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. எனக்கு நல்லாத் தெரிந்த ஒரு ஃபங்ஷன் பெயர்கூட சில நாள் நினைவுக்கு வராது.

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டு, வைட்டமின் டி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாச்சு. எல்லாமே நார்மல். "ஒண்ணுமில்லீங்க" என்ற வார்த்தையைக் கேட்டால் சந்தோஷப்படணும். ஆனா வலியோட உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது "நீ பொய் சொல்ற" என்று காதுல விழும். தெருவுல விசாரிக்கிறவங்க வாயுன்னாங்க, தேய்மானம்னாங்க, கம்ப்யூட்டர்தான் காரணம்னாங்க. கடைசியில் ஒரு மூட்டுவாத நிபுணர்தான் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார்.

பெயருக்கு ஒரு கதை உண்டு. 1904-ல் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்றார். அதாவது நார்த்தசையில் அழற்சி. பிறகு தேடிப் பார்த்தால் அங்கே அழற்சியே இல்லை. அதனால் பெயர் மாறியது. 1990-ல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம், உடம்பில் 18 புள்ளிகளைக் கட்டைவிரலால் அழுத்தி 11-ல் வலித்தால் இந்த வியாதி என்று வரையறுத்தது. 2010-ல் அந்த அழுத்தும் சோதனையையே எடுத்துவிட்டார்கள். இப்போது 19 இடங்களில் எத்தனை இடத்தில் வலி, களைப்பு எவ்வளவு, தூக்கம் எப்படி, ஞாபகம் எப்படி, இதெல்லாம் மூன்று மாதமாவது நீடிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

மதகு மூடாத வாய்க்கால்

காயமும் இல்லை, அழற்சியும் இல்லை. அப்புறம் வலி எங்கேர்ந்து வருது?

திருவிடைமருதூர்க்காரனுக்கு இதைப் புரியவைக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஆத்துல வர்ற தண்ணி அப்படியே வயலுக்குப் போயிடாது. நடுவுல மதகு இருக்கு. எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவுதான் பாயும். 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு பேர் வலியும் இப்படித்தான் என்றார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது. கை காலிலிருந்து வரும் சமிக்ஞை முழுவதும் மூளைக்குப் போவதில்லை. அந்தக் கதவைத் திறந்து மூடுவதில் மூளைக்கும் பங்கு உண்டு. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதற்கு இந்தக் கோட்பாடுதான் விளக்கம் கொடுத்தது.

மூளை கீழே அனுப்புகிற 'மூடு' என்ற கட்டளை, முக்கியமாக நார்அட்ரினலின், செரட்டோனின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் வழியாகப் போகிறது. ஃபைப்ரோமயால்ஜியாவில் இந்தக் கட்டளை பலவீனமாக இருக்கிறது என்பதுதான் இன்றைக்குப் பலரும் ஏற்கிற விளக்கம். ஆத்துல தண்ணி கொஞ்சம்தான். ஆனா மதகு மூடலை, வயல் முழுகுது.

2002-ல் கிரேஸ்லி, கிளாவ் குழுவினர் 16 நோயாளிகளையும் 16 ஆரோக்கியமானவர்களையும் மூளை ஸ்கேனில் படுக்க வைத்து, கட்டைவிரல் நகத்தை ஒரே அளவு அழுத்திப் பார்த்தார்கள். அதே அழுத்தத்துக்கு நோயாளிகளின் மூளையில் வலி சார்ந்த பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி என் மனைவியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். நான் பொய் சொல்லலைன்னு ஒரு இயந்திரம் சாட்சி சொல்லுது இல்லையா.

பயம் எங்கிருந்து வருது?

வலியோட சேர்ந்து வந்த இன்னொண்ணு பதற்றம். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரும். நெஞ்சு படபடன்னு அடிக்கும். வேலை போயிடுமோ, பையன் படிப்பு என்னாகுமோ, இது வேற ஏதாவது பெரிய வியாதியோன்னு ஓடும். வலியால்தான் பயம்னு நினைச்சேன். பாதி சரி. மீதிப் பாதி என்னன்னா, மேலே சொன்ன அதே ரெண்டு வேதிப்பொருள்கள்தான் பதற்றத்துலயும் முக்கியப் பங்கு வகிக்குது. வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் பயம் கூடும், பயம் மதகை இன்னும் திறக்கும். சுத்திச் சுத்தி வரும்.

டுலோக்செட்டின் இந்த இரண்டையும் நரம்பு முனைகளில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்க வைக்கிறது. அமெரிக்காவில் 2004-ல் மனச்சோர்வுக்கு, 2007-ல் பதற்றத்துக்கு, 2008-ல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அனுமதி கிடைத்தது. ஆக எனக்குத்தான் இது புது மாத்திரை. மருந்தகத்துக்குப் பழசு.

நிஜமாகவே புதுசு ஒன்று உண்டு. டான்மியா. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து இந்த வியாதிக்கென்று வந்த முதல் மருந்து. உள்ளே இருப்பது 1977-லிருந்து தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் சைக்ளோபென்சப்ரின்தான். படுக்கும்போது நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடவேண்டும். வலியைவிடத் தூக்கத்தைக் குறிவைக்கிறது.

கணக்கு என்ன சொல்லுது?

காக்ரேன் என்ற அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும். அதன் 2014 கணக்குப்படி, டுலோக்செட்டின் 60 மி.கி.யை 8 பேருக்குக் கொடுத்தால், வெத்து மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறையும். மத்த ஏழு பேருக்கு ஒண்ணும் நடக்காதுன்னு அர்த்தம் இல்லை. சிலருக்குக் கொஞ்சம் குறையும், சிலருக்கு எந்த மாத்திரையானாலும் குறைந்திருக்கும். ஆனாலும் எட்டில் ஒருத்தர் என்பதைப் படிச்சதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

டான்மியாவின் முக்கிய ஆய்வில் 14 வாரம் கழித்து, பத்துக்கு இத்தனை என்று போடும் வலி மதிப்பெண் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 1.8 குறைந்தது. வெத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு? 1.2 குறைந்தது.

இந்த 1.2 எங்கேர்ந்து வந்தது? ஒரு பகுதி, வலி தானாக ஏறி இறங்குவது. ரொம்ப மோசமான நேரத்தில்தான் யாரும் ஆய்வில் சேருவார்கள், பிறகு கொஞ்சம் இறங்கத்தானே செய்யும். இன்னொரு பகுதி எதிர்பார்ப்பு. 1978-ல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் பிடுங்கியவர்களிடம் செய்த ஆய்வு இது. வெத்து மருந்தால் வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் கொடுத்தார்கள். உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருளைத் தடுக்கும் மருந்து அது. குறைந்த வலி திரும்பிக் கூடியது. அதாவது நம்பிக்கைக்கு ஒரு வேதியியல் இருக்கு. சும்மா மனப்பிராந்தி இல்லை.

நான் செய்த தப்பு

போன வருஷம் ப்ரீகபலின் கொடுத்தாங்க. அதுவும் இந்த வியாதிக்கு 2007-லேயே அனுமதி பெற்றதுதான். நான் எதிர்பார்த்தது பூஜ்யம். வலி முழுசாப் போயிடணும். ஆறு வாரத்துல 7 இருந்தது 6 ஆச்சு. தலைசுத்தல் வேற. "இதுவும் வேலைக்காகல"ன்னு டாக்டரைக் கேட்காம நானே ஒரே நாளில் நிறுத்திட்டேன். அடுத்த ரெண்டு ராத்திரி தூக்கமே இல்லை, பதற்றம் உச்சத்துக்குப் போச்சு. இந்த மாதிரி மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்கணும்னு அப்புறம்தான் படிச்சேன். டுலோக்செட்டினுக்கும் அதே விதி.

ஒரு மாசம் கழிச்சு என் மனைவி சொன்னாங்க: "ஏங்க, அந்த மாத்திரை சாப்பிட்டப்ப ராத்திரி நீங்க தூங்கினீங்களே. அது உங்க கணக்குல வராதா?"

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு மணி நேரத் தூக்கம் ஆறு ஆகியிருந்தது. நானே எழுதி வச்சிருக்கேன், கவனிக்கவே இல்லை. பூஜ்யத்தையே பார்த்துக்கிட்டு இருந்தவனுக்கு ஆறு மணி நேரத் தூக்கம் கண்ணுக்குத் தெரியல.

இந்த முறை

மென்பொருளில் எது வெற்றி என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைப்போம். மருந்து ஆய்வுகளிலும் அப்படித்தான். முடிவைப் பார்த்த பிறகு கம்பத்தை நகர்த்தக் கூடாது. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

1. ஒரு வாரம் 30 மி.கி., பிறகு டாக்டர் சொன்னால் 60. பன்னிரண்டு வாரம் முடியும்வரை தீர்ப்பு இல்லை. முதல் நாட்களில் குமட்டல், வாய் உலர்தல் வரலாம். பதற்றம்கூடக் கொஞ்சம் ஏறலாம். அது தோல்வி இல்லை. தாங்க முடியலன்னா டாக்டருக்குப் போன்.

2. வலி 7-லிருந்து 5-க்கு வந்தால் வெற்றி. வலி ஆய்வுகளில் 30 சதவீதம் குறைந்தாலே நோயாளிக்கு அர்த்தமுள்ள மாற்றம் என்பார்கள். கிட்டத்தட்ட அதுதான்.

3. வலி குறையாவிட்டாலும், ராத்திரி ரெண்டு மணிப் பயம் வாரத்தில் ஐந்து நாளிலிருந்து இரண்டாகக் குறைந்தால் அதையும் கணக்கில் சேர்ப்பேன்.

4. ஈரல் கோளாறு, கண் அழுத்தம், மது, டிரமடால் மாதிரி வேறு மாத்திரைகள் எல்லாம் டாக்டரிடம் சொல்லியாச்சு. இது எல்லோரும் சொல்ல வேண்டியது.

5. தினமும் நடை. 2016-ல் ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பு இந்த வியாதிக்கான சிகிச்சைகளை அலசியபோது, 'உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்' என்று சொன்னது உடற்பயிற்சியை மட்டும்தான். எந்த மாத்திரைக்கும் அந்த இடம் கிடைக்கலை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "எல்லாம் சரிடா தம்பி. சாயங்காலம் மகாலிங்கசாமி கோயில்ல வெளிப்பிராகாரம் சுத்திட்டு வா. கிழக்கு வாசல்ல போனா அந்த வழியா திரும்பாதே"ன்னாங்க.

வெளியூர்க்காரங்களுக்காக: குதிரைக் காலில் மிதிபட்டு ஒரு அந்தணர் இறந்ததால் வரகுண பாண்டியனைப் பிரம்மஹத்தி பிடித்தது, அவன் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேறினான், அது இன்னும் கிழக்கு வாசலிலேயே அவனுக்காகக் காத்திருக்கிறது என்பது எங்க ஊர்க் கதை. மனக்கலக்கம் உள்ளவங்க அந்தப் பிராகாரத்தைச் சுத்துறது வழக்கம். கதையை நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம். எனக்கு அதுல பிடிச்சது, பிரம்மஹத்தி செத்துப்போச்சுன்னு கதை சொல்றதில்லை. அது வாசல்லயேதான் நிக்குது. ராஜா வேற வழியாக வீட்டுக்குப் போயிட்டான்.

நானும் பூஜ்யத்தைக் கேட்கலை. 5 போதும். ஆறு மணி நேரத் தூக்கம் போதும்.

சாப்பாடு எடுத்து வச்சுட்டுக் கூப்பிடுறாங்க. பன்னிரண்டு வாரம் கழிச்சு நோட்டோட வரேன். கணக்கு எப்படி இருந்தாலும் அப்படியே போடுறேன்.