குளிர்பான மெஷின் கத்துதா? அந்தச் சத்தத்துக்குள்ளே இத்தனை சங்கதி... தெரியுமா?

காசு போட்டால் கூல்டிரிங்ஸ் தள்ளுகிற மெஷின் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் இரைகிறதே, அது விநாடிக்கு 100 அதிர்வு, தெரியுமா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றுக்கும் மோட்டாரின் காந்தம் இரண்டு முறை இழுக்கும். ஆக, 100! அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 120. நம் மெஷின் பிடிப்பது ஷட்ஜமம் என்றால், அமெரிக்க மெஷின் பிடிப்பது சாதாரண காந்தாரம். நிஜமாகவே அதே 6-க்கு 5 விகிதம்தான்!

இந்த இரைச்சல் கோளாறே அல்ல. ‘புஸ்ஸ்’, ‘களக் களக்’ என்பதும் அப்படித்தான். மெல்லிய செம்புக் குழாய் வழியே கேஸ் குளிரூட்டும் எவாபரேட்டர் காயிலுக்குள் பாய்கிறது, அவ்வளவே.

ஆனால் ‘டிக்... ம்ம்ம்... டிக்’ என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்! கம்ப்ரசர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை. அந்தச் சில விநாடிகளில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் ‘ஓவர்லோடு’ பாதுகாப்பு சுவிட்ச் சூடேறி ‘டிக்’ என்று வெட்டிவிடும். ஆறியதும் மறுபடி இணைக்கும், மறுபடி ம்ம்ம். பாதிப் பேர் ‘கம்ப்ரசர் போச்சு’ என்று பெரிய செலவுக்குத் தயாராகிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள்! பல சமயம் காரணம் சின்ன ஸ்டார்ட்டிங் ரிலேவோ, கெப்பாசிட்டரோ, குறைந்த வோல்டேஜோதான். இன்னொரு வேடிக்கை: நல்ல மெஷினையே ஆஃப் செய்து உடனே ஆன் செய்தாலும் இதே முனகல் வரும். குழாயின் இரு பக்கமும் கேஸ் அழுத்தம் சமமாக வேண்டாமா? ஐந்து நிமிடம் பொறுங்கள்.

‘டக டக டக’ என்று உள்ளேயிருந்து தட்டினால்? ஃபேன் இறக்கை ஐஸில் இடிக்கிறது! ஐஸைக் கரைத்தால் சத்தம் நிற்கும், கொஞ்ச நாளில் திரும்பி வரும். ஏன் என்றால் குற்றவாளி ஃபேன் இல்லை, பல சமயம் கதவு ரப்பர். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் சின்ன இடுக்கு போதும், உள்ளே போகும் ஈரமெல்லாம் காயிலில் ஐஸாகப் படியும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. கத்தியால் மட்டும் ஐஸைக் குத்தாதீர்கள். அலுமினியக் குழாய் ஓட்டையானால் கேஸ் மொத்தமும் போய்விடும்.

கடகடப்பா? மெஷினின் பக்கத் தகட்டைக் கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது கால் ஒன்று தரையில் பதியவில்லை. அடியில் இருக்கிற கண்டென்சரில் தூசி அடைத்தாலும் கம்ப்ரசர் திணறிக் கத்தும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ் போட்டால் போதும். பழைய மெக்கானிக்குகள் நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார்கள். எந்த பேரிங் தேய்ந்தது என்று அப்படியே சொல்லிவிடுவார்கள்!

பிரிட்ஜ் சத்தம் ஐன்ஸ்டீனையே படுத்தியது தெரியுமா? பிரிட்ஜ் கேஸ் கசிந்து பெர்லினில் ஒரு குடும்பம் இறந்த செய்தியைப் படித்துவிட்டு, அவரும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் பிரிட்ஜுக்காகச் சுழலும் பாகமே இல்லாத பம்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். காந்த விசையால் திரவ உலோகத்தைத் தள்ளும் பம்பு! கசிவு இல்லை, தேய்மானம் இல்லை. ஆனால் ஓடவிட்டால் ஒரே ஊளை. கடைசிவரை அது கடைக்கு வரவே இல்லை. அந்த வகைப் பம்பு பிற்பாடு திரவ சோடியம் ஓடும் அணு உலைகளில் வேலைக்குச் சேர்ந்தது!

 

கடைசியாக, ஸ்பேனரைத் தொடுமுன் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-290 என்றிருந்தால் உள்ளே ஓடுவது புரொப்பேன், நம் அடுப்பு சிலிண்டரில் இருக்கிற அதே புரொப்பேன்! அந்தக் குழாயில் பற்றவைப்பு வேலை என்றால் பயிற்சி பெற்ற மெக்கானிக்தான் வர வேண்டும்.