இடித்தது சுவர்... இடிந்தது நான்!

பாத்ரூமைக் கொஞ்சம் பெரிசு பண்ணலாமென்று ஒரே ஒரு சுவரை இடித்தேன், ஸார். நின்றவரை அது ஒன்பது அங்குலம். விழுந்ததும், வாசலில் ஒரு குட்டி மருந்துவாழ்மலை! நாகர்கோவிலில் வீடு கட்ட ஆள் கிடைக்கும். இடித்ததை அள்ள?

குட்டியானைக்காரர் வந்தார். "ஆயிரத்தைந்நூறு தாங்க. ராத்திரி தேரூர் கொளத்துக்கரையில தட்டிருவேன். ஒரு பய பாக்க மாட்டான்."

பாக்கெட்டில் கை விட்டுவிட்டேன். பின்னாலிருந்து அம்மா குரல்:

"மக்களே, அந்தக் கொளத்துத் தண்ணியில வெளைஞ்ச சோத்தத் தின்னுதான நீ பி.காம். படிச்ச?"

கை தானாக வெளியே வந்தது.

சுசீந்திரம்-தேரூர் குளங்கள் 2022-ல் சர்வதேச ராம்சர் பட்டியலில் ஏறியவை. பறவைகள் அவ்வளவு தூரம் பறந்து வருவது என் பாத்ரூம் டைல்ஸைப் பார்க்கவா? கட்டட இடிபாட்டுக்கென்றே மத்திய அரசு 2016-ல் தனி விதி போட்டது. அதை அரைத்து நடைபாதைக் கல்லாக்க டெல்லி புராரியில் 2009-லேயே ஆலை வந்துவிட்டது.

எனக்கு ஆலை, அம்மாதான். உட்கார்ந்து பிரித்தாள். கம்பியும் பைப்பும் பழைய இரும்புக் கடைக்கு. முழுச் செங்கல் பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்துக்கு. துண்டுச் செங்கல் எங்கள் புதுத் தரைக்கு அடியில். மிச்சம் நாலு சாக்கு. எதிர்த் தெருவில் அஸ்திவாரம் நிரப்பிக்கொண்டிருந்தவர், "கொண்டா மக்கா" என்று வாங்கிக்கொண்டார்.

கலந்து கிடந்தால் குப்பை, பிரித்தால் காசு. இரும்புக் கடையில் இருநூற்று நாற்பது ரூபாய் கிடைத்தது!

அதைப் பார்த்துவிட்டு, "அடுத்து கிச்சனை இடிக்கலாமா?" என்கிறாள் மனைவி.

சுத்தியலை ஒளித்து வைத்திருக்கிறேன், ஸார்!